இன்னும் காயல

எதையும் அவள் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்ததில்லை. விரலை மடக்கி, அதன் மேல்பக்கத்தால்தான் தொடுவாள். கழுவிக் கவிழ்த்த தட்டு, கொடியில் கிடக்கும் சேலை, மெழுகிய தரை, என் பிள்ளைகளின் நெற்றி, எல்லாவற்றுக்கும் அதே மடங்கிய விரல்தான். தொட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எங்கேயோ பார்ப்பாள். பிறகு, "இன்னும் காயலக்கா" என்பாள். ஒருமுறை மண்டையைப் பிளக்கும் வெயிலில் மதியம் முழுக்கக் கிடந்த சேலையைத் தொட்டுவிட்டு அப்படிச் சொன்னாள். "ஏண்டி, இது காயலன்னா நாந்தான் காஞ்சு கருவாடாகணும்" என்று கத்தினேன். அவள் சிரிக்கவில்லை. சேலையின் மடிப்பைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஈரம் இருக்கத்தான் செய்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாதிப் பழக்கம் வேலையால் வந்தது. மலாயாவில் ஈப்போ, பத்து காஜா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னால், மோட்டார் கார் சத்தம் கேட்டால் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயமே வாசலுக்கு ஓடிவரும் காலம். மற்றப் பெண்களெல்லாம் மரம் வெட்டப் போவோம், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க. அவளுக்குப் புகைக் கொட்டகையில் வேலை. உறைந்த பாலை உருளையில் நசுக்கி, ஷீட்டு ஷீட்டாகக் கழியில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போடுவார்கள். உள்ளே வெள்ளையாகப் போவது தேன் நிறத்தில் வெளியே வரவேண்டும். எது காய்ந்தது, எது காயவில்லை என்று பிரிப்பது அவள் பாடு. கொட்டகைக்கு நெருப்புப் பார்த்தவர் என் வீட்டுக்காரர். "அந்தப் புள்ள காயலன்னா வெறகு போடுவேன், காஞ்சிருச்சுன்னா நிறுத்துவேன், எனக்கென்ன வந்துச்சு" என்பார். நான் சொல்லி ஒரு நாளும் விறகு பொறுக்கிவராத மனுஷன்!

மீதிப் பழக்கம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த வயசு. மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. ஒரு விடிகாலை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சந்தோஷமாகக் கூப்பிட்டாள். "அக்கா, காய்ச்ச விட்டுருச்சுக்கா. நெத்தி ஜில்லுன்னு இருக்கு." நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அதை அவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் எதையும் ஒருமுறை தொட்டு நம்புவதை விட்டாள்.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லையே. லயத்துக்குப் பின்னால் ஒரு மேட்டில், காடு அழித்தபோது வெட்டாமல் விட்ட ஒரு பெரிய மரம் நின்றது. அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். அதுதான் எங்களுக்கு அம்மன். அம்மன் காலடியில் கிடக்கட்டும் என்று எங்கள் பிள்ளைகளை அங்கேதான் புதைப்போம். அவள் குழந்தையும் அங்கேதான் கிடந்தது.

ஒரு நாள் காலைப் பிரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, கங்காணி தொண்டையைக் கனைத்தார். "புது ஸ்டோருக்கு லோரி ரோடு போடப் போறாங்க. நேரா அந்தப் பெரிய மரத்து வழியாத்தான் வருது. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் குய்யோ முறையோன்னு யாரும் கத்தப்படாது."

கூட்டத்தின் பின்னாலிருந்து அவள்தான் கேட்டாள். "அப்ப மண்ணத் தோண்டுவாங்களா கங்காணி?"

"பின்ன? தோண்டாம ரோடு எப்படிம்மா வரும்?"

அன்றைக்குப் பெண்கள் யாரும் ஒழுங்காக மரம் வெட்டவில்லை. எங்கள் அழுகையைச் சகிக்க முடியாமல் கங்காணியே தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். துரை சொன்னது இதுதான். கோயில் என்றால் அவர் கைவைக்க மாட்டார். ஆனால் அங்கே கோயில் எங்கே இருக்கிறது? கல்லும் குப்பையும்தானே? அடுத்த சம்பளம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். கோயில் மாதிரி இருந்தால் சரி, இல்லையென்றால் திங்கட்கிழமை மரம் விழும்.

"சிலைக்கு எங்க போறது? ஊருக்கு எழுதிப் போட்டு வரவழைக்கிறதுக்குள்ள ரோடு ஈப்போவுக்கே போயிரும்லா" என்று கங்காணி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"நான் எழுதுறேன்" என்றாள் அவள். "பெரிய படமா. தொரை அண்ணாந்து பாக்குற மாதிரி."

கங்காணிக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. கொட்டகைக் கதவின் உள்பக்கத்தில் அவள் புகைக்கரியால் என்னென்னவோ எழுதுவாள் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். விறகு சுமக்கும் என் புருஷன், தொந்தி முதற்கொண்டு அச்சு அசலாக இருந்தார்.

ரங்கூன் அரிசிச் சாக்குகளைப் பிரித்து ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தோம். லயத்து வாசலில் விரித்தால் இரண்டு வீட்டுக்கு அடைத்துக்கொண்டது. சுண்ணாம்பும் புளியங்கொட்டைப் பசையும் குழைத்துப் பூசினாள். அப்படியும் சாக்கில் இருந்த இங்கிலீஷ் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. "அம்மன் வயித்துல அரிசிக் கடை பேரு இருக்குடி" என்றேன். அந்த இடத்தில் செங்கல் பொடியால் பட்டுச் சேலை உடுத்திவிட்டாள். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து வானம். மஞ்சள் அரைத்து வெளிச்சம். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து, நெளித்து, கிரீடமாக ஒட்டினாள். லயம் லயமாகப் போய் உடைந்த வளையல் கேட்டாள். தனக்கென்று ஒரு பிடி உப்புக்கூட யாரிடமும் கேட்காதவள், அந்தப் படத்துக்காக வெட்கத்தை விட்டு எல்லா வாசலிலும் நின்றாள்.

வளையல் வரைக்கும் பெண்கள் கொடுத்தார்கள். முடி கேட்டபோதுதான் வம்பு வந்தது. அம்மனுக்கு விரித்த கூந்தல் வேண்டும், கரியால் எழுதினால் கூந்தல் மாதிரி இல்லை, காலையில் சீப்பில் வருவதைக் கொடுங்கள் என்றாள். எங்கள் பக்கத்தில் உதிர்ந்த முடியை யாராவது கொடுப்பார்களா? சுருட்டி எச்சில் துப்பிக் கண்ணில் படாமல் போட்டுவிடுவோம். யார் கையில் கிடைத்து யார் செய்வினை வைப்பார்களோ என்ற பயம். "இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று ஆளாளுக்குக் கதவைச் சாத்தினார்கள்.

"ஒங்க புள்ளைங்களுந்தானே அங்க கெடக்கு" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. மூடிய கதவுகளைப் பார்த்துத் தரையோடு பேசுகிற மாதிரி சொன்னாள்.

மறுநாள் காலையில் அவள் வாசல் முறத்தில் முடிப்பந்துகள் கிடந்தன. ஒன்று என்னுடையது. நரைத்ததை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் போட்டேன். அம்மனுக்கு எதற்கு நரை?

இதையெல்லாம் சாக்கில் பிடித்து நிறுத்தியது ரப்பர் பால். அதில்தான் எனக்குப் பயம். காலையில் பால் எடுத்துப் போன பிறகும் மரம் கொஞ்சம் சொட்டிக்கொண்டே இருக்கும். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் தேங்கும் அந்த மிச்சத்தை மத்தியானம் போய்த் தூக்குவாளியில் வழித்துக்கொண்டு வருவாள். மிச்சமானாலும் தோட்டத்துச் சொத்துதான். ஒரு மங்குப் பால் காணாமல் போனாலும் பத்து காஜா ஜெயில்தான் என்று கங்காணி எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார். சொன்னால் கேட்டால்தானே? "பால் இல்லாம ஒண்ணும் ஒட்டாதுக்கா" என்பதோடு சரி.

ஒரு நாள் அவள் வாளியும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியார் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். லயத்துப் பக்கம் அவர் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. பேசுவதும் நம் தமிழ்தான், ஆனாலும் ஏதோ கோர்ட்டில் நிற்கிற மாதிரி இருக்கும்.

"உது என்ன?"

"அம்மனுங்க ஐயா."

"அது தெரியுது. வாளிக்குள்ள என்ன?"

அவள் எழுந்து நின்றாள். "பாலுங்க ஐயா. சொட்டுறது. மிஞ்சுனது."

கிராணியார் வாளியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து ரோட்டில் சைக்கிள் மணி கேட்டாலே போலீஸ்தான் என்று அவள் வாளியை ஒளித்துவைக்க ஓடுவேன். அவள் பாட்டுக்கு முகம் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

முகம் செக்கச்செவேல் என்று இருக்கவேண்டும், துரை பார்த்ததும் மரியாதை வரவேண்டும் என்பது கங்காணியின் உத்தரவு. அவளும் பாலில் கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் குழைத்துத் தடவினாள். சந்தனம் மாதிரி வந்தது. லயமே கூடிநின்று கையெடுத்துக் கும்பிட்டது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமானால் மலைப்பக்கம் இருட்டும், கொட்டும், நிற்கும், மறுநாளும் அதே கூத்து. படத்தைத் தூக்கி உள்ளே வைப்பதும் வெளியே விரிப்பதுமாக எங்கள் இடுப்பு ஒடிந்தது. அவள் விரலை மடக்கித் தொடுவாள். "இன்னும் காயலக்கா." ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வரும்.

சனிக்கிழமை மத்தியானம் துரை ஈப்போ கிளப்புக்குப் போனார். கார் மறைந்ததுதான் தாமதம், அவள் என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, கொட்டகையில ஒரு பக்கம் ஷீட்ட எறக்கிட்டுப் படத்தத் தொங்கவிட்டுறலாமா?"

"என்னா புள்ள வெளையாடுறியா? ஒரு பொறி பட்டாப் போதும், சாக்கோட சேத்து நம்மளும் சாம்பல்லா."

"நாளைக்கு ஈரத்தோட தொங்கவிட்டா வழிஞ்சு எறங்கிரும்ணே."

என் மனுஷன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கூப்பிட்ட குரல்தான் காதில் நின்றது. "நெருப்ப அடக்கி வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துக் கட்டில் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனோம். கதவுக்கு வெளியே காவலுக்கு நான். உள்ளே புகை. என் வீட்டுக்காரர் இருமுகிற ஒவ்வொரு இருமலுக்கும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. பொழுது சாய்வதற்கு முன்னால் வெளியே எடுத்தோம்.

அடக் கடவுளே! சந்தன முகத்தைக் காணோம். பால் பச்சையில் வெள்ளையாக இருக்கும், காயக் காயக் கறுத்துக்கொண்டு வரும். அத்தனை ஷீட்டை வெள்ளையாக உள்ளே விட்டுப் பழுப்பாக வெளியே எடுக்கிற எங்கள் யார் புத்திக்கும் அது எட்டவில்லை. வெயிலில் நின்று மரம் வெட்டுகிற பெண்ணின் நிறத்தில் அம்மன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மனாடி இது?" கங்காணி குதித்தார். "பிரட்டுக்கு வந்த பொம்பள மாதிரில நிக்கிறா! தொரைகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. முகவாயில் விரலை மடக்கி வைத்து, "மேல காஞ்சிருக்கு. உள்ள காயல" என்று கவலையாகச் சொன்னாள். அப்போதுதான் அந்த முகவாயை நான் சரியாகப் பார்த்தேன். நடுவில் லேசாக ஒரு குழி. அவள் குழந்தைக்கு இருந்த குழி. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மரத்தில் மூங்கில் கட்டி, மேலே பழைய தகரம் போட்டுப் படத்தை நிறுத்தியிருந்தோம். துரை காரில் வந்தார், கூடவே கிராணியார். துரை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தொப்பியைக்கூடக் கழற்றினார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்குது. ரொம்ப நல்லா இருக்குது" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில். பிறகு கிராணியாரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிராணியார் எங்கள் பக்கம் திரும்பி, "துரை இதை மெச்சிறார். லயத்துக்குக் கிட்ட வேற இடம் தாறாராம். கற்சிலையெண்டால் கிளப்ப ஏலாது எண்டு நினைச்சவராம். இது படம்தானே, நாளைக்கே கழற்றிக் கொண்டுபோய் வையுங்கோ" என்றார்.

கங்காணி உடனே, "சரிங்க தொரை, ஆகட்டும் தொரை" என்று குனிந்தார். பாவி மக்கள், பெரிதாகக் காட்டவேண்டும் என்று நினைத்தோமே தவிர, படத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லையே!

அவள் முன்னால் வந்தாள்.

"இன்னும் காயலீங்க தொரை."

"என்ன?"

"உள்ள ஈரமா இருக்குங்க. காயாமக் கழட்டுனா அம்மன் மொகம் பிஞ்சிரும். காஞ்சப்புறந்தான் எடுக்கணும்."

துரை நடந்துபோய் அம்மனின் கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினார். எடுத்தபோது பிசுக்கென்று ஒட்டிக்கொண்டு வந்தது. ரப்பர்க்காரர், அவருக்குத் தெரியாததா? விரலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி. காய்ந்ததும் எடு" என்று காரில் ஏறினார்.

அப்புறம் அவள் அதைக் காயவிட்டால்தானே! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு சிரட்டைப் பாலோடு போவாள். முகத்தில், கையில், காலில் ஒரு பூச்சு. வளையல் துண்டுகள் பாலுக்குள் மூழ்கி, உள்ளிருந்து மினுங்கின. அம்மனுக்குச் சதை போட்டுக்கொண்டே வந்தது. கன்னத்தைத் தொட்டால் ஆள் கன்னம் மாதிரி அமுங்கும். எனக்குத் தனியாக அந்தப் பக்கம் போகவே ஒரு மாதிரியாக இருக்கும். ஸ்டோர் பக்கத்திலிருந்து ரோடு வந்துகொண்டிருந்தது. ரோடு போடுகிற ஆள் வந்து, காய்ந்துவிட்டதா என்று கேட்பான். அவள் தொட்டுக் காட்டுவாள். அவனும் தொட்டுப் பார்த்துக் கையை மரத்தில் துடைத்துக்கொண்டு போவான். எத்தனை நாளைக்குடி இந்த நாடகம் என்று கேட்டால் இன்னொரு பூச்சுப் பூசுவாள். அவளுக்கு ஒழுங்கான தூக்கமே கிடையாது அந்த நாட்களில். கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

கடைசியில் அவளுக்கே காய்ச்சல் வந்தது. பத்து காஜா ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் ஏற்றினோம். பிழைத்துத் திரும்பி வந்தாள். பிறகு ரொம்ப வருஷம் இருந்து, சுங்காய் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனாள். ஆனால் அன்றைக்கு வண்டியில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான். "பால் பூசிருவீங்களாக்கா?"

"போய்ட்டு வாடி, நான் பாத்துக்குறேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன்.

முதல் ஞாயிறு பூசினேன். அதற்குப் பிறகு விடியற்காலையிலேயே மழை. மரம் நனைந்திருந்தால் வெட்டமுடியாது. வெட்டாவிட்டால் பால் ஏது? நாள் கணக்கில் பிரட்டுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தோம். தோட்டம் முழுக்க ஒரு சொட்டுப் பால் கிடையாது. நான் போய் அம்மனைத் தொட்டுப் பார்ப்பேன். தகரத்துக்குக் கீழே காற்று அடித்துக்கொண்டே இருந்தது. நாளுக்கு நாள் பிசுக்கு குறைந்தது. ஒரு காலையில் விரலை எடுத்தால் சுத்தமாக வந்தது. கஞ்சியைப் பூசலாமா, பலாப் பிசினைத் தேடலாமா என்று பைத்தியம் பிடித்த மாதிரி நிற்கும்போதே கார் சத்தம் கேட்டது.

ரோடு அந்த மேட்டுக்குக் கீழே வந்து நின்றிருந்தது. கார் சேற்றில் அதற்கு மேல் வரவில்லை. துரை காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கையைக் காட்ட, கிராணியார் குடையும் சப்பாத்துமாக மேலே ஏறி வந்தார். மம்மட்டிக்காரர்கள் கார் பக்கத்தில் காத்து நின்றார்கள்.

"அந்தப் பிள்ளை எங்கை?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலங்க ஐயா. காய்ச்ச."

"படம் காஞ்சு போச்சோ?"

பொய் சொன்னால் தொட்டுப் பார்த்துவிடுவார். உண்மையைச் சொன்னால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? கிராணியார் என்னைத் தாண்டிப் போனார். படத்துக்கு முன்னால் தரையில் வரிசையாக இருந்த, பிள்ளைகளைப் புதைத்த சின்னச் சின்ன மேடுகளைப் பார்த்தார். குடையைச் சாய்த்துவிட்டு, மிதித்துவிடாமல் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார். அம்மனின் கன்னத்தில் விரலை வைத்தார். நன்றாக அழுத்தினார். எடுத்தார்.

கீழே துரை ஹாரனை அடித்தார்.

கிராணியார் காரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். துரைக்குத் தெரிகிற மாதிரி கையை உயரத் தூக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, அந்த விரலை அடியிலிருந்து நுனிவரை அழுத்தி அழுத்தித் துடைத்தார். துடைத்துத் தீராத மாதிரி மறுபடியும் துடைத்தார். துரை இங்கிலீஷில் ஏதோ கத்தினார். கோபமாகக் கையை வீசி, மம்மட்டிக்காரர்களுக்கு மேட்டைச் சுற்றி வழி காட்டினார். அவர்கள் அந்தப் பக்கமாக ரோட்டுக்கு அளவுக் கயிறு பிடிக்கப் போனார்கள்.

கிராணியார் என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை விரித்து மடித்தபோது நான் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று, ஒரு கறைகூட இல்லாமல் இருந்தது.